நிலம் ஈரம் என்று வாசித்திருக்க வேண்டும்

ஸ்காபரோ
சித்திரை, 1998

என் அன்புள்ள ‘இஞ்சாருங்கோ’வுக்கு,

நாற்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பத்திரிகை ஆசிரியர், கடிதத்தின் தொடக்கத்தில் உங்கள் முழுப்பெயர் வரவேண்டும் என்றார். படத்துக்குக் கீழே அவரே போடட்டும். என் வாயால் வராத பெயர் என் பேனாவாலும் வராது.

இரண்டாவது ஆண்டு நினைவு என்றால் இங்கே எல்லோரும் படம் போட்டு, கீழே எட்டு வரி பாட்டுப் போடுகிறார்கள். போன கிழமை வந்த ஒரு பாட்டில் மூன்று எழுத்துப் பிழை இருந்தது. சிவப்புப் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன். எனக்குப் பாட்டு வேண்டாம் என்றேன். ஒரு பிழைதிருத்தம் போட வேண்டும், அதற்கு அரைப்பக்கம் வேண்டும் என்றேன். ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆற்றை பிழை அம்மா?” என்று கேட்டார். “என்ரை,” என்றேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் வசந்தி மில்லிக்கனில் வீடு வாங்கிவிட்டாள். எனக்கென்று ஒரு அறையும் ஒதுக்கி, சுவருக்கு இளம்பச்சை பூசி வைத்திருக்கிறாள். நான் போகவில்லை. இந்தப் பதினோராம் மாடியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லிஃப்டை ஒருவழியாகத் திருத்திவிட்டார்கள். என் வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது பத்திரிகையின் பொடி எழுத்துக்கூடக் குண்டுமணி போலத் தெரிகிறது. உங்களுக்கு அந்தச் சத்திரசிகிச்சை உதவாது, சீனி வருத்தம் நரம்பையே தின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்ன நாளை நினைத்துக்கொள்வேன். நீங்கள் அன்றைக்குக் கேட்ட முதல் கேள்வி என்ன? “அப்ப ரேஸ் பக்கத்தை இனி ஆர் வாசிக்கிறது?”

நான்தான் வாசித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் சூதாடி அல்ல. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் பக்கத்து மேசைக்காரரிடமிருந்து பழகியது இந்தக் குதிரை ஆசை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்குக் கொழும்பில் இருந்து பந்தயம் கட்டுவது அந்த ஊரில் ஒரு புதினமும் இல்லை. ஆனால் உங்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு ஓட்டத்தில்தான் உண்மையான காதல். சித்திரை மாதத்தில் அங்கே நடக்கும் அந்தப் பெரிய வேலி பாயும் ஓட்டம். நாற்பது குதிரை, முப்பது வேலி, நாலரை மைல். மற்றச் சனிக்கிழமைகளில் ஓடும் சின்ன ஓட்டங்களெல்லாம் அதற்கான பாடங்கள் என்று சொல்வீர்கள்.

குதிரையின் பெயர் பிடித்திருக்கிறது என்று கட்டுகிறவனையும், சாமிப்படத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டு எடுக்கிறவனையும் உங்களுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. உங்களிடம் மூன்று கேள்விகள் இருந்தன. முதலாவது, நிலம். மழை பெய்து சேறாக இருக்கிறதா, காய்ந்து கெட்டியாக இருக்கிறதா, இந்தக் குதிரை முன்னர் எந்த நிலத்தில் வென்றது? இரண்டாவது, பாரம். நல்ல குதிரைக்குக் கூடிய பாரம் ஏற்றித்தான் ஓடவிடுவார்கள்; நாலரை மைலுக்கு அந்தப் பாரத்தை இது சுமக்குமா? மூன்றாவது, கால். வேலியில் எத்தனை தரம் விழுந்திருக்கிறது? “மூண்டுக்கும் ஓம் எண்டு வந்தாக் கட்டலாம். ஒண்டுக்கு இல்லை எண்டு வந்தாலும் தேத்தண்ணி குடிக்கலாம்.” இதுதான் உங்கள் வேதம். பல வருடங்கள் நீங்கள் தேத்தண்ணிதான் குடித்தீர்கள். கட்டினால், ரேஸ் கடையில் இரண்டு டொலர். அதற்கு மேல் ஒருநாளும் இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கன்னியர் மடத்தில் படித்தவள் குதிரைப் பந்தயத்தை எப்படிப் பொறுப்பாள்? ஆனாலும் வாசித்தேன். ஏனென்றால் வாசிப்பது எனக்குப் பெருமை. மடத்தில் விடுதிப் பிள்ளைகள் பேசாமல் இருந்து சாப்பிடும்போது ஒருத்தி எழுந்து நின்று புத்தகம் வாசிக்க வேண்டும். மூன்று வருடம் அந்த ஒருத்தி நான். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த கன்னியாஸ்திரி ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். வாசிக்கிறவள் தாளில் உள்ளதை வாசிக்க வேண்டும், தன் மனதில் உள்ளதை அல்ல. ஒருமுறை ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன் என்று அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப வாசிக்க வைத்தார். எனக்குச் சோறு ஆறிப்போனது.

ஆகவே நீங்கள் சமையலறை மேசையில் கன்னத்தில் கைவைத்து இருப்பீர்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ் ஹொக்கிச் செய்திக்கு அடியில் கிடக்கும் அந்தப் பொடி எழுத்துப் பட்டியலைத் தேடி எடுப்பேன். குதிரைகளின் ஆங்கிலப் பெயர்களை ஒழுங்கான உச்சரிப்போடு வாசிப்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். நீங்கள் அதைக் காணமாட்டீர்கள் என்று நினைத்தேன். “சுளிக்காமல் வாசியும்,” என்பீர்கள்.

நாலு வருடத்துக்கு முந்திய சித்திரைக்கு வருகிறேன்.

வெஸ்ற் விண்டோ என்ற குதிரை ஞாபகம் இருக்கிறதா? என்ன கேள்வி இது. அந்த மாரி முழுவதும் உங்கள் வாயில் அந்தப் பெயர்தான். பெரிய குளம்பு, பெருத்த நெஞ்சு, சேற்றில் உழவு மாடு மாதிரி இழுக்கும், காய்ந்த நிலத்தில் ஒன்றுக்கும் உதவாது. பாரம் சரி. கால் சரி. “மழை பெய்தால் போதும், இஞ்சாரும். மழை மட்டும் பெய்யட்டும்.” இங்கிலாந்தில் மழை பெய்ய வேண்டும் என்று ஸ்காபரோவில் இருந்து காத்திருந்த ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருக்கும்.

பெரிய ஓட்டம் இருந்த சனிக்கு முந்திய ஞாயிறு, பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுச்சேலையும் வைரத்தோடுமாக ஒரு பெண் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். “அக்கா, உங்கட அவரை ரேஸ் கடை வாசலிலை கண்டனாங்கள். பாவம், சுவரைத் தடவித் தடவிப் போறார். ஆராவது சொல்லி நிப்பாட்டினால் என்ன?” என்றாள். சுற்றி இருந்த ஐந்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது.

சனிக்கிழமை காலை. உங்கள் மேலங்கியைக் கதிரையில் ஆயத்தமாகப் போட்டிருந்தீர்கள். குதிரைகளின் பாரத்தை வாசித்தேன். “நிலம்?” என்றீர்கள்.

தாளில் இருந்தது: இரண்டு நாள் மழை, நிலம் நல்ல ஈரம்.

நான் வாசித்தேன்: “மழை இல்லை. நிலம் காய்ஞ்சு கெட்டியாய் இருக்காம்.”

நீங்கள் வழுக்கி விழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் சொன்னேன் என்று பின்னர் எனக்கே நான் சொல்லிக்கொண்டது உண்டு. அது உண்மை அல்ல. அந்த வைரத்தோடு மின்னியதுதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. என் மரியாதைக்காகச் சொன்னேன்.

“அப்ப வேண்டாம். தேத்தண்ணி போடும்,” என்றீர்கள். மேலங்கியை எடுத்து, கையால் தடவி, அலுமாரியில் தொங்கவிட்டீர்கள். உங்கள் கூட்டாளி தம்பிராசா அண்ணைக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டீர்கள், இந்த முறை இல்லை என்று. நான் ஏலக்காய் போட்டுத் தேத்தண்ணி தந்தேன். சந்தோசமாகக்கூட இருந்தேன்.

அடுத்த நாள் முடிவை வாசித்தேன். அதை மாற்றி வாசிக்க முடியாது. உங்கள் கூட்டாளிகள் சொல்லிவிடுவார்கள். வெஸ்ற் விண்டோ வென்றிருந்தது. கிட்ட ஒரு குதிரையும் வரவில்லை. கைக்கு வராமல் போன பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. “காய்ஞ்ச நிலத்திலையும் வெண்டிட்டுதோ?” என்று மட்டும் கேட்டீர்கள். இரண்டு தரம் கேட்டீர்கள். ஒரு நல்ல கணக்கு வாத்தியார், தான் இவ்வளவு காலமும் படிப்பித்த வாய்ப்பாட்டில் ஒரு வரி பிழை என்று கண்டால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தீர்கள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

அன்று பின்னேரம் உங்களுக்கு ஒரு அழைப்பு வந்தது. தொலைபேசியின் நீளக் கம்பியை இழுத்துக்கொண்டு நடைவழிக்குப் போய்க் கதைத்தீர்கள். திரும்பி வந்து இருந்து, ஆசிரியர் தலையங்கத்தை வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்து முடித்ததும், ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னீர்கள். “நீர் வாசிச்சா எழுத்து அப்பிடியே கண்ணுக்கு முன்னாலை வந்து நிக்குது.” அந்தப் பாராட்டு எனக்கு எப்படிக் குத்தியது என்று உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, பிளாசாவில் நீங்கள் கூடிக் கோப்பி குடிக்கும் டோனற் கடையில் உங்கள் கூட்டாளிகள் எல்லோருக்கும் முன்னால் புதிய சட்டம் போட்டீர்களாம். “நிலத்தை விடுங்கோடா. பாரத்தையும் காலையும் மட்டும் பாருங்கோ.” அடுத்த சனிக்கிழமை என்னிடமும் சொன்னீர்கள்: “நிலத்தைப் பற்றின வரியை இனி வாசிக்க வேண்டாம்.” அதற்குப் பிறகு இரண்டு சித்திரை வந்தது. இரண்டிலும் உங்கள் சொல்லைக் கேட்டுக் கட்டிய குதிரைகள் பாதி வழியில் களைத்து நின்றன. கூட்டாளிகள் பகிடி பண்ணினார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அப்படியே போய்ச் சேர்ந்தும் விட்டீர்கள்.

இனி இந்தச் சித்திரை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குணம் தொலைபேசி எடுத்தான். டாக்சி ஓடுகிற நம்முடைய குணம்தான்; நீங்கள் இல்லாத இந்த இரண்டு வருடமும் என் அரிசி மூட்டையைப் பதினோராம் மாடிக்குத் தூக்கி வருகிறவன்.

“அக்கா, உங்கட பேப்பரிலை நாளையான் ரேஸ் கிடக்கோ? கிரே ஹார்பருக்கு எவ்வளவு பாரம் எண்டு பாத்துச் சொல்லுங்கோவன்.”

“பத்து ஸ்ரோன். குறைஞ்ச பாரம்தான்.”

“விழுந்திருக்கோ?”

“ஒருக்காலும் விழேல்லை.”

“அப்பச் சரி! அண்ணையின்ர கணக்குப்படி உதுதான் குதிரை. கடையிலை ஏழு பேரும் சேந்து கட்டுறம், அவற்றை நினைவுக்கு.”

அந்தக் கிழமை முழுவதும் அங்கே மழை. தாளில் தெளிவாகப் போட்டிருந்தது. கிரே ஹார்பர் வென்ற ஓட்டங்களையும் போட்டிருந்தது. எல்லாம் கோடைக் கடைசியில், காய்ந்த நிலத்தில். மெல்லிய கால், சின்னக் குளம்பு. இந்தக் குதிரை சேற்றில் நாலரை மைல் இழுக்காது என்பது எனக்கே தெரிந்தது. இவ்வளவு வருடம் வாசித்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

“குணம், நிலம்...” என்று தொடங்கினேன்.

“நிலத்தை விடச் சொன்னதே அண்ணைதானே அக்கா! பிறகு அவர் சொன்ன குதிரையெல்லாம் சேத்துக்கை நிண்டது வேறை கதை.” சிரித்தான். “பாவம், கடைசிக் காலத்திலை அவற்றை கணக்கும் கொஞ்சம் பிசகிப்போச்சு. வயசு போனா வாறதுதானே? அதுக்காக விட்டுக்குடுக்க ஏலுமே?”

அவன் ஆசையோடுதான் சொன்னான். நான் தொலைபேசியை வைத்தேன். உங்கள் கணக்குப் பிசகியதா? வயதா? அந்தப் பிழை உங்களுடையது அல்லவே.

நிலம் சேறு, கட்ட வேண்டாம் என்று மட்டும் குணத்துக்குச் சொல்லியிருக்கலாம். அவர்களின் காசு தப்பியிருக்கும். ஆனால் உங்கள் பெயர்? தன் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தைச் சரியாக ஆராய்ந்து வைத்திருந்த மனிதர், கடைசியில் அதையும் தானே குழப்பிவிட்டார் என்ற பேச்சு அந்தக் கடையில் அப்படியே நின்றிருக்கும். உங்கள் பெயரைத் துடைக்க வேண்டுமென்றால் நான் பொய் வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். ஏழு ஆண்களுக்கு முன்னால். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மின்சாரக் கட்டணக் கடிதத்தில் ஒரு முற்றுப்புள்ளி பிழை என்றாலும் திருப்பி எழுதுகிறவள் நான்.

சனிக்கிழமை காலை கஞ்சி போட்ட பருத்திச் சேலை உடுத்தி, அதற்கு மேல் மேலங்கி, காலில் பனிச் சப்பாத்து, கையில் பத்திரிகை. பஸ் எடுத்துப் பிளாசாவுக்குப் போனேன். அந்த டோனற் கடைக்குள் நான் அதற்கு முதல் கால் வைத்ததில்லை. உள்ளே போனதும் மூலை மேசையில் இருந்த ஏழு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

“இருங்கோ,” என்றேன். “கிரே ஹார்பருக்குக் கட்டாதேங்கோ. நிலம் சேறு.”

“அண்ணை நிலத்தை...” என்று குணம் தொடங்கினான்.

“அண்ணை முதல் சொன்னதுதான் சரி. நிலம், பாரம், கால். வெஸ்ற் விண்டோ வெண்ட அண்டைக்கு நிலம் நல்ல ஈரம். பேப்பரிலை அப்பிடித்தான் கிடந்தது. நான்தான் காய்ஞ்சது எண்டு பொய் வாசிச்சனான். அவர் ரேஸ் கடைக்குப் போறது எனக்கு வெக்கமாய் இருந்தது. அதை நம்பித்தான் அவர் தன்ர கணக்கைப் பிழை எண்டு நினைச்சு மாத்தினவர். வயசும் இல்லை, ஒண்டும் இல்லை. பிழை விட்டது நான்.”

முழுவதையும் நின்றபடியே சொன்னேன், மடத்தில் வாசித்த மாதிரி, ஒரு சொல்லையும் விழுங்காமல். குணம் வாயைத் திறந்தபடி இருந்தான். தம்பிராசா அண்ணை மட்டும் என்னைப் பார்க்கவில்லை. உங்களை விட மூன்று வயது மூத்தவர், தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர், எதற்கும் அவசரப்படாதவர். கோப்பிக் கோப்பையை மேசையில் மெல்லச் சுழற்றிக்கொண்டு இருந்தார்.

“தங்கச்சி, இரும்,” என்றார். “அவனுக்குத் தெரியும்.”

“என்னண்ணை தெரியும்?”

“எல்லாம் தெரியும். அண்டைக்கு அவன் வேண்டாம் எண்டு சொன்னவன். எண்டாலும் நான் சும்மா பாப்பம் எண்டு ரேஸ் கடைக்குப் போனனான். ரீவியிலை பாத்தா, குதிரையளெல்லாம் குளத்துக்கை படுத்தெழும்பின எருமை மாதிரிச் சேறு. ஜொக்கியளின்ர முகமே தெரியேல்லை. அடுத்த நாள் போன் எடுத்து, ‘டேய், நிலம் காய்ஞ்சது எண்டு உனக்கு ஆரடா சொன்னது?’ எண்டு கேட்டன். அவன் கதவைச் சாத்துற சத்தம் கேட்டது.”

“பிறகு?”

“பிறகு சொன்னான், ‘தம்பிராசா, நீ சேத்தைக் காணேல்லை. விளங்கிச்சோ? நீ ஒண்டும் காணேல்லை’ எண்டு. வச்சிட்டான்.”

நான் கதிரையில் இருந்தேன். யார் அதை என் பக்கம் இழுத்துவிட்டார்கள் என்று தெரியாது.

“திங்கக்கிழமை வந்து, நிலத்தை விடுங்கோ எண்டு எல்லாருக்கும் சொன்னான்,” என்றார் தம்பிராசா அண்ணை. “எனக்குக் கோவம். வெளியிலை கூட்டிக்கொண்டுபோய், ‘உண்மையான கணக்கை ஏன்ரா பழுதாக்கிறாய்?’ எண்டு கேட்டன். ‘நிலம் முக்கியம் எண்டு நிண்டா, அண்டைக்கு நிலத்தை எப்பிடிப் பிழைவிட்டனி எண்டு ஆராவது கேப்பாங்கள். கேட்டா அவள் வாசிச்சதிலைதான் வந்து நிக்கும். என்ர கணக்குப் பிழைச்சா ஒருத்தருக்கும் நட்டமில்லை’ எண்டான்.”

குணம் எழுந்து போய் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்தான். பால் கூடிவிட்டது, சீனியும் கூடிவிட்டது. ஒரு சொல் சொல்லாமல் முழுவதையும் குடித்தேன். இதை நம்புவீர்களா?

இப்போது உங்களிடம் கேட்கிறேன். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அந்த ஞாயிறு பின்னேரம், நான் வாசித்தால் எழுத்துக் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது என்றீர்களே, எல்லாம் தெரிந்த பிறகா சொன்னீர்கள்? அது பகிடியா, மன்னிப்பா? நிலத்தைப் பற்றிய வரியை இனி வாசிக்க வேண்டாம் என்றது, நான் இன்னொரு முறை பொய் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவா? அல்லது உண்மை வாசித்தாலும் நம்ப முடியாதே என்ற பயத்திலா? இரண்டு வருடம் என் குரலைக் கேட்டுக்கொண்டு அந்த மேசையில் எப்படி இருந்தீர்கள்? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வரியைத் தவிர நான் உங்களுக்கு வாசித்த எல்லாம் தாளில் இருந்தபடிதான். காற்புள்ளி வரைக்கும்.

எட்டுப் பேருமாகப் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் ரேஸ் கடைக்கு நடந்தோம். நான் போவேன் என்று நீங்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டீர்கள். நானும் நினைக்கவில்லை. உள்ளே சிகரட் புகை. தரை கூட்டிப் பல நாள். ஆனால் எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்; நம்முடைய கலியாண வீடுகளில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. இங்கிலாந்தில் பின்னேரம், இங்கே காலைக் கோப்பி நேரம்.

“அப்ப எந்தக் குதிரைக்கு அக்கா கட்டுறது?” என்று குணம் கேட்டான். ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெல்லக்கூடியவை என்று தாளில் முன்னுக்குப் போட்டிருந்த பத்துக் குதிரையையும் உங்கள் கணக்குப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேற்றில் ஓடக்கூடியவற்றுக்குப் பாரம் கூட. பாரம் குறைந்தவை வேலியில் விழுந்து எழுந்தவை. மூன்றுக்கும் ஓம் என்று வந்தது ஒன்றுகூட இல்லை.

“தேத்தண்ணி குடிக்கலாம்,” என்றேன்.

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. குணம் மட்டும் தலையைச் சொறிந்தான். “நான் நேற்றே கிரே ஹார்பருக்குக் கட்டிப்போட்டன் அக்கா. அண்ணையின்ர நினைவுக்கு.” தம்பிராசா அண்ணை, “அவன் இருந்திருந்தா உன்ர காதைத் திருகியிருப்பான்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஓட்டம் தொடங்கியது. நான் இவ்வளவு காலமும் வாசித்த வேலிகளை அன்றைக்குத்தான் கண்டேன். இவ்வளவு உயரம் என்று நீங்கள் சொல்லவில்லையே? கிரே ஹார்பர் சாம்பல் நிறம். முதல் சுற்றில் எவ்வளவு அழகாகப் பாய்ந்தது தெரியுமா, காலை மடித்து, ஒரு வேலியையும் உரசாமல். குணம் கதிரையில் ஏறி நின்றுவிட்டான். “ஓடடா! ஓடடா என்ர ராசா!” எனக்கே ஒரு கணம், நாங்கள் கணக்குப் பார்த்தது பிழையோ என்று பட்டது.

இரண்டாம் சுற்றில் சேறு தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் அந்தச் சின்னக் குளம்புகள் புதைந்து புதைந்து எழுந்தன. பின்னுக்குப் போனது. இன்னும் பின்னுக்கு. கடைசியில் மூன்று வேலி இருக்கும்போது அந்த ஜொக்கி, நல்ல பிள்ளை, அதை வருத்தாமல் நிறுத்தி, இறங்கி, கழுத்தைத் தட்டிக் கொடுத்துக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனான். குதிரைக்கு ஒரு காயமும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

“கண்டியளோ,” என்றார் தம்பிராசா அண்ணை மற்றவர்களைப் பார்த்து. “அவன் சொன்ன கணக்கு.” அவ்வளவுதான் சொன்னார். தொப்பிக்காரர், “மாஸ்ரர்தான்,” என்றார். நீங்கள் ஒருநாளும் வாத்தியாராக இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் பட்டம் உங்களுக்கு அந்தச் சனிக்கிழமை கிடைத்தது, நான் திருத்தவில்லை. குணம் தன் துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை வீட்டு வாசல் வரைக்கும் டாக்சியில் கொண்டுவந்து விட்டான். மீற்றர் போடவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் வசந்தி தலையில் கைவைத்தாள். “அம்மா, கடையிலை சொன்னது காணாதே? உதை ஏன் பேப்பரிலை போடுறியள்? சனம் என்ன சொல்லும்?” “பொய்யை நான் பேப்பரைக் கையிலை வச்சுக்கொண்டுதான் வாசிச்சனான். திருத்தமும் பேப்பரிலைதான் வரவேணும்,” என்றேன். தலையில் இருந்த கையை எடுத்துவிட்டு, “அப்பா உதைக் கேட்டிருந்தாச் சிரிச்சிருப்பார்,” என்றாள். அந்த வைரத்தோட்டுக்காரியும் இந்தப் பத்திரிகையைத்தான் எடுக்கிறாள். படிக்கட்டும். உங்களை ரேஸ் கடை வாசலில் கண்டவள், என்னை உள்ளேயே காணலாம்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த ஏழு பேருக்கும் நான்தான் வாசிக்கிறேன். டோனற் கடை, மூலை மேசை. அதில் இரண்டு பேருக்குப் பார்வை சரியில்லை. மற்றவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. பந்தயம் கட்டுவதில்லை நான். அதில் என் கொள்கை மாறவில்லை. ஆனால் முகம் சுளிப்பதில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த நாளும், எந்த ஓட்டமானாலும், நிலத்தைப் பற்றிய வரியைத்தான் முதலில் வாசிப்பேன். கடைக்குப் போக முதல், நம்முடைய சமையலறை மேசையில், உங்கள் கதிரைக்கு எதிரில் இருந்து, சத்தமாக. தாளில் உள்ளபடி.

இன்றும் சனிக்கிழமை. கண்ணாடி போட்டுவிட்டேன். கேளுங்கோ.

நிலம்: நல்லது. இடையிடையே ஈரம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
நீங்கள் கூப்பிட்டபடி இன்றும்
‘இஞ்சாரும்’